நூற்று அறுபத்து மூன்றாவது வரி

பரஞ்சோதி மைக்கைத் தட்டிப் பார்த்தார். நன்றாகவே கேட்டது. இருந்தும் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டு, "பின்னாடி கேக்குதா?" என்றார். வருகைப் பதிவுக்காகப் பிடித்துவந்து அடைக்கப்பட்டிருந்த முதலாண்டுப் பிள்ளைகள் கேட்கிறது என்று இழுத்துச் சொன்னார்கள். இவனுக்கு எதுதான் ஒரே தடவையில் விளங்கியிருக்கிறது என்று வைரவநாதன் நினைத்துக்கொண்டார். முன்வரிசையின் நடுவில், மற்ற நாற்காலிகளுக்கு இல்லாத வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். துண்டில் யாரோ தலை சாய்த்த எண்ணெய்க் கறை மஞ்சளாக இருந்தது. சலவை செய்ததாகக் கணக்குக் காட்டியிருப்பார்கள். அவர்தான் இன்றைக்கு வெளித்தேர்வாளர். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து நேற்றுப் பகல் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். சகாயஷீபா என்கிற பெண்ணின் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி நாலு கேள்வி கேட்டு, திருப்தி என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொன்னாடையைச் சுருட்டிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். பெண்ணின் வழிகாட்டியான பரஞ்சோதியோ அதை ஒரு கல்யாணம் மாதிரி நடத்திக்கொண்டிருந்தார். ஐயா அவர்கள் பயறு ஆராய்ச்சியின் பிதாமகர். ஐயா அவர்கள் பேரைச் சொல்லாமல் தட்டைப்பயறில் இரும்புச்சத்து பற்றி இந்த நாட்டில் யாரும் ஒரு வரி எழுத முடியாது. ஐயா அவர்கள் கண்டுபிடித்த பயறு ரகம் வைரம் நாற்பத்தொன்று. அந்தப் பெயர் ஸ்பீக்கரில் அதிர்ந்ததும் வைரவநாதனின் வலது முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்தினார். ஐம்பத்தொன்பது வயதில் முழங்கால் ஆடினால் வாயு என்று நினைத்துக்கொள்வார்கள், நல்லதுதான். பரஞ்சோதி பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் வைரவநாதனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. அப்போதே தெரியும் இவன் துறைத்தலைவர் ஆகிவிடுவான் என்று. பெட்டி தூக்கத் தெரிந்த யாரும் இங்கே மேலே வராமல் போனதில்லை. தான் யார் பெட்டியைத் தூக்கினோம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதைத் துரத்திவிட்டார்.

அந்தப் பெண் மேடைக்கு வந்தாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் புடவை என்று எவன் சட்டம் போட்டானோ, பழக்கமில்லாத புடவையைப் பத்து பின் குத்தி நிறுத்தியிருந்தாள். மூச்சு விட்டால் ஏதாவது ஒன்று தெறித்துவிடும் போல நின்றாள். கடற்கரைப் பக்கத்துப் பேச்சு. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி வேகம். செடிக்கு இரும்பு இல்லாமல் முடியாது, ஆனால் கட்டில்லாத இரும்பு செல்லையே அரித்துவிடும், அதனால் செடி அதைப் பூட்டி வைக்கிறது, அந்தப் பூட்டுப்பெட்டிக்குப் பெயர் ஃபெரிட்டின், அவரைக் குடும்பத்துப் பயறுகளில் விதையின் இரும்பில் நல்ல பங்கு இந்தப் பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்றாள். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பந்து சுழன்றது. இருபத்துநாலு துண்டுகள் சேர்ந்து ஒரு பந்து, நடுவில் பொள்ளல், பொள்ளலுக்குள் நாலாயிரம் இரும்பணுக்களுக்கு இடம். பூட்டுப்பெட்டியாம். பத்தாம் வகுப்புப் பாடம். இவர்கள் எல்லோருக்கும் எதையாவது சுழற்றிக் காட்டினால் ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைப்பு. பெட்டியைச் செய்யச் சொல்கிற மரபணுக்கள் தட்டைப்பயறில் எத்தனை, இருநூற்றுப் பன்னிரண்டு ரகங்களில் அவை எப்படி மாறுகின்றன, அந்த மாற்றத்துக்கும் விதையிலுள்ள இரும்புக்கும் சம்பந்தம் உண்டா, இதுதான் அவளுடைய நாலு வருஷம். நல்ல வேலை என்பது அவருக்குத் தெரியும். நேற்று ரயிலில் முதல் ஐம்பது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் எரிச்சல். குப்பையாக இருந்திருந்தால் குப்பை என்று ஒரு மூலையில் எழுதிவிட்டு எதிர்சீட்டுக்காரனோடு அரசியல் பேசியிருக்கலாம். எதிர்சீட்டுக்காரன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். தோலை ஜன்னல் கம்பியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த வாசனையோடுதான் அவர் பின்னிணைப்பு மூன்றைத் திருப்பினார். பொடி எழுத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், யாரும் படிக்கக் கூடாது என்றே போடுகிற அட்டவணை. நூற்று அறுபத்து இரண்டு, பேரில்லாத ஏதோ ஒரு நாட்டுரகம், கிலோவுக்கு ஐம்பத்தாறு மில்லிகிராம் இரும்பு. நூற்று அறுபத்து மூன்று, வைரம் நாற்பத்தொன்று, ஐம்பத்தேழு. நூற்று அறுபத்து நாலு, அறுபத்தொன்று. நட்சத்திரக் குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. அவர் வேகமாக முன்னால் புரட்டினார். பத்தொன்பதாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: வைரம் நாற்பத்தொன்றில் கிலோவுக்கு நூற்றுப் பதினெட்டு மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைரவநாதன் 2003-இல் கண்டறிந்து கட்டுரை வெளியிட்டார். பத்தொன்பதாம் பக்கத்துக்கும் அந்தப் பொடி எழுத்துக்கும் நடுவே அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நூற்றுப் பதினெட்டு எப்படி ஐம்பத்தேழு ஆயிற்று என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லையா? மண்டூகமா? இல்லை, மண்டூகம் இப்படி முறைகளை எழுத முடியாது. பீங்கான் உருளையில் அரைத்திருக்கிறாள், ஒவ்வொரு ரகத்தையும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைத்து. அப்படியானால் கள்ளி. தேர்வாளர் யாரென்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள், எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியட்டும் என்று அட்டவணையில் மட்டும் வைத்துவிட்டாளோ? எதிர்சீட்டுக்காரன் ஒரு சுளையை நீட்டினான். வேண்டாம் என்று கூடச் சொல்லாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷம். அன்றைக்கு ஆய்வகத்துக்குப் புது அரைவை மெஷின் வந்திருந்தது. பளபளவென்று எவர்சில்வர் பாத்திரம், உள்ளே எவர்சில்வர் பிளேடு, அதன்மேல் ஒரு ரோஜாப்பூ வைத்து பூஜை போட்டார்கள், விஞ்ஞானிகள். அரைக்கிற வேலை மாடக்கண்ணுவுக்கு. ஆய்வக உதவியாளர், எட்டாம் வகுப்பு, எப்போதும் வாயில் வெற்றிலை. மற்றப் பயறெல்லாம் ஒரு நிமிஷத்தில் மாவாகிவிடும். நாற்பத்தொன்று மட்டும் கல். ஊறவைத்தாலும் ஊறாத தோல். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம் மெஷின் கத்தும், சூடான உலோக வாசனை வராந்தா வரைக்கும் வரும். மாடக்கண்ணு ஒருநாள் மாவை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தார். "ஐயா, இந்தப் பயறு பிளேடைத் திங்குதுங்க. மாவைப் பாருங்க, சாம்பலா வருது." அறையில் ஐந்தாறு மாணவர்கள் இருந்தார்கள். "உன்னை அரைக்கச் சொன்னா அரை. ஆராய்ச்சியை நாங்க பாத்துக்கறோம்" என்றார் வைரவநாதன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, அவருக்குப் பிடித்திருந்தது, இன்னும் காதில் இருக்கிறது. மாடக்கண்ணுவும் சிரித்தார், வெற்றிலை தெரிய. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. இருந்தாலும் அவருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது. எட்டாம் வகுப்புக்காரனுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது என்பதே ஒரு தற்செயல். பயறு தோலின் நிறமாகவும் இருந்திருக்கலாம், அந்த ரகத்தின் தோல் கறுப்புத்தானே, எத்தனை தடவை இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார், கறுப்புத் தோல், கறுப்புத் தோல், குளிக்கும்போது, பஸ்ஸில், மெடல் வாங்கக் காத்திருந்த வரிசையில். தோலை உரித்துவிட்டுத்தான் அரைக்கக் கொடுத்தோம் என்பது எப்போதும் ஒரு நொடி கழித்து வரும்.

தோலை உரித்தும்கூட அந்தப் பருப்பு கல்லாகத்தான் இருந்தது. பிறகு முடிவுத் தாள் வந்தது. அளக்கிற கருவி ஒரே நேரத்தில் பத்துத் தனிமங்களை அளந்து நீளமான தாளில் அச்சடித்துத் தள்ளும். அவருக்கு வேண்டியது இரும்பும் துத்தநாகமும்தான். இரும்பு நூற்றுப் பதினெட்டு. மற்ற ரகம் எதுவும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. அன்றைக்கு அவருக்கு முப்பத்தேழு வயது, இணைப்பேராசிரியர் நேர்காணலுக்கு நாலு மாதம், போட்டிக்கு ஒரு தலையாட்டி பொம்மை, அவனுக்கு மாமனார் வழியில் ஆள் இருந்தது. விரல் அந்த வரியிலேயே வலதுபக்கம் போயிற்று, ஏன் போயிற்று, போகாமல் இருந்திருக்கலாம். குரோமியம். மற்ற வரிகளில் எல்லாம் அரைக்குக் கீழே, இல்லாததற்குச் சமம். இந்த வரியில் பதினாலு புள்ளி ஆறு. இரும்பும் குரோமியமும் ஒன்றாகக் கூடுகிற இடம் எது என்று இளங்கலைப் பையனைக் கேட்டால் சொல்வான். எவர்சில்வர். அவர் மண் என்று சொல்லிக்கொண்டார். மண்ணிலும் குரோமியம் உண்டு. பிறகு தாளை இரும்பு, துத்தநாகத்தோடு நிற்கும்படி நெடுக்கில் மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். அதே வாரத்தில் அந்த ரகத்தில் ஃபெரிட்டின் மரபணு ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்தது. அது பொய்யில்லை, நிஜமாகவே இருந்தது. கூடுதல் மரபணு, கூடுதல் பெட்டி, கூடுதல் இரும்பு. ஒட்டிப் பார்த்தார், ஒட்டிக்கொண்டது. பெட்டி பெரிதானால் மட்டும் வேர் அதிகம் இரும்பை உறிஞ்சிவிடுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதற்கும் அவரே ஒரு பத்தி எழுதி வாயை அடைத்தார். பத்தி நன்றாக வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள், இருவரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. இந்தத் துறையில் எவனுக்கும் ஒன்றும் தெரியாது என்கிற ஞானம் அவருக்கு அந்த இரண்டு கடிதங்களைப் படித்தபோதுதான் வந்தது. அதற்கப்புறம் அவர் யாரையும் மதிக்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் காகிதத்தோடு போயிருக்கும். ஓர் அறக்கட்டளை வந்தது. ரத்தசோகை, கிராமங்கள், நம் மண்ணின் பயறு என்று கதர்ப்பையில் புத்தகங்களோடு இரண்டு பேர். ஆறு ஊர்களில் நூற்று நாற்பது கர்ப்பிணிகளுக்கு வைரம் நாற்பத்தொன்றின் மாவில் தினமும் கஞ்சி. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று ஏற்கெனவே சலித்துக்கொண்டிருந்தவர்கள், கஞ்சிதான் இருக்கிறதே என்று மாத்திரையைத் தூக்கிப்போட்டார்கள். அது அவருக்குத் தெரியும், நர்ஸ் சொன்னாள். மாத்திரையும் சாப்பிடச் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியம், ஒரே வாக்கியம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஐந்து மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது யாருக்கும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. கதர்ப்பைக்காரர்கள் முகம் தொங்கிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். ஆவுடையம்மாள் என்று ஒருத்தி, ஏழு மாதம், கன்னமெல்லாம் வெளுத்து, கீழ் இமையை நர்ஸ் இழுத்துக் காட்டியபோது உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கஞ்சியைக் குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டாயா, மாட்டுக்கு வைத்துவிட்டாயா என்று கதர்ப்பைக்காரர் கேட்டார். "ஒரு நாளும் விடலய்யா" என்றாள் அவள். "கசப்பா இருந்தாலும் மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். எம்புள்ளை மேல சத்தியமா." அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், ஏன் அவரைப் பார்த்துச் சொன்னாள், அவர் கேட்கவே இல்லையே. பொய் சொல்கிறார்கள் என்று காரில் கதர்ப்பைக்காரர் சொன்னார். ஆமாம், இவர்களைத் திருத்த முடியாது என்று வைரவநாதன் சொன்னார். அறிக்கையில் அதைப் பயனாளிகளின் ஒத்துழைப்பின்மை என்று எழுதினார். ஒத்துழைப்பின்மை. என்ன ஒரு சொல், வழுவழுவென்று. பிறகு ஒருநாள் நர்ஸ் போனில் பேசினாள். வேறு எதற்கோ பேசியவள் நடுவில் சொன்னாள், அந்த ஆவுடையம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது சார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று. அப்புறம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நர்ஸும் சொல்லவில்லை. இந்த இருபது வருஷத்தில் அந்த ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காதவரைக்கும் அவள் ஆம்புலன்ஸிலேயே போய்க்கொண்டிருக்கிறாள்.

"வைரம் நாற்பத்தொண்ணுல ஃபெரிட்டின் மரபணு ஒரு காப்பி கூடுதலா இருக்கு" என்று மேடையில் குரல் கேட்டதும் அவர் நிமிர்ந்தார். திரையில் இரண்டு நீளக் கோடுகள், ஒன்று பாதியில் அறுந்திருந்தது. "இதை சார் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காங்க." அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள். "ஆனா அதோட முன்பாதி கிடையாது. அதனால அதுலேர்ந்து புரதம் உருவாகாது." அவ்வளவுதான், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாள். வைரவநாதன் மெதுவாகத் திரும்பி அரங்கைப் பார்த்தார். பதினொரு முனைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவரே எண்ணினார். பெட்டியே செய்ய முடியாத மரபணு என்றால் அந்த நூற்றுப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? கேள்வி அவர்கள் எல்லோருடைய மடியிலும் விழுந்து கிடந்தது. ஒருத்தர் போனில் வாழ்த்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி மேஜைக்கடியில் பொன்னாடை இருந்த பிளாஸ்டிக் கவரை சத்தமில்லாமல் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். நீங்கள் யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்று வைரவநாதன் நினைத்தார். பேசி முடித்தாள், கைதட்டினார்கள், அவையோர் கேள்வி கேட்கலாம் என்றார்கள். இதை விவசாயிகளிடம் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். அவர் எல்லா வைவாவிலும் அதைத்தான் கேட்பாராம், பக்கத்தில் சிரித்தார்கள். எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்று இன்னொருத்தர். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள், சொல்லிக்கொண்டே பென்சிலால் ஆய்வேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். "இப்போது ஐயா அவர்கள்" என்றார் பரஞ்சோதி, மைக் வந்தது.

முதல் மூன்று கேள்வியை எப்படிக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வாய் பழக்கத்தில் கேட்டது, அவள் சரியாகச் சொன்னாள். நாலாவதாகச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நேற்று ஆரஞ்சு வாசனைக்குள் உட்கார்ந்தபடியே தயார் செய்திருந்தார்: பின்னிணைப்பு மூன்று ஆய்வின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாதது, நீக்கிவிடலாம். வழிகாட்டி மறுக்கப்போவதில்லை. முடிச்சை அவிழ்க்க ஒரு வாக்கியம் போதும். சாயங்கால ரயில், எட்டு மாதத்தில் ஓய்வு, பிறகு எவன் எந்த மாவை அரைத்தால் என்ன.

"பின்னிணைப்பு மூணு" என்றார்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது முன்வரிசைவரை தெரிந்தது. "எந்த வரி சார்?" என்று கேட்டாள், எந்த வரி என்று தெரிந்த குரலில்.

"நூத்தி அறுபத்து மூணு. அதைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை எழுதல?"

"என் தப்பா இருக்கும்னு நெனச்சேன் சார்." மைக்கை விட்டுத் தள்ளிப் பேசினாள், மறுபடி கிட்டே வந்தாள். "விதை மாறிப்போயிருக்கும்னு வேற இடத்துலேர்ந்து வாங்கி அரைச்சேன். மூணு தடவ அரைச்சேன். அப்பவும் ஐம்பத்தேழுதான் வந்துது. என் கையில ஏதோ கோளாறு. சார் அளந்தது தப்பா இருக்காதுல்ல. எடுத்துட்டா நேர்மையா இருக்காது, எழுதவும் தெரியல. அதான் அப்படியே வச்சிட்டேன்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் பிள்ளைகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல். "ஐயா, அந்த அட்டவணையையே எடுத்துடுறோம்" என்று பரஞ்சோதி பாதி எழுந்தார். "பொண்ணு கொஞ்சம் அவசரக்காரி. வைரம் நாற்பத்தொண்ணோட இரும்பைப் போய் ஐம்பத்தேழுன்னு." அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வைரவநாதனுக்குத் தெரிந்த சிரிப்பு. அதை அவர் ஒருகாலத்தில் விரும்பியிருந்தார். கள்ளி இல்லை, மண்டூகம் இல்லை. எட்டாம் வகுப்புக்காரரும் சிரித்துக்கொண்டு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாரே, இந்தப் பெண் மடிக்காமல் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அரங்கு முழுவதன் மேலும் ஓர் அருவருப்பு எழுந்து, வழக்கம்போல அவர்கள் மேல் நிற்காமல், அவர் மேலேயே வந்து விழுந்தது.

"எடுக்க வேண்டாம்" என்றார். "உன் கை சரிதான். விதையும் சரிதான். அன்னைக்கு நான் அரைச்ச மெஷின் தப்பு. எவர்சில்வர் பிளேடு. அந்தப் பயறு கல்லு மாதிரி, பிளேடைத் தேச்சு எடுத்துடுச்சு. நான் அளந்தது மெஷினோட இரும்பை."

பிறகு பரஞ்சோதி மைக்கைப் பிடித்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது, நிஜமாகவே தழுதழுத்தது. "பாருங்க, இதுதான் பெருந்தன்மை. ஒரு மாணவிக்காக, தன்னுடைய வாழ்நாள் சாதனையவே விட்டுக்கொடுக்கிற மனசு. பிள்ளைங்களா, இதைக் கத்துக்கணும்." கைதட்டல் கூரையில் மோதியது. மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்தார். எதைச் சொன்னாலும் இவர்கள் மாலையாக்கிவிடுவார்கள் என்று வைரவநாதன் நினைத்துக்கொண்டார். கூடவே, வெட்கமில்லாமல், உள்ளே ஒரு ஓரத்தில் இதமாகவும் இருந்தது. இப்படியே கூட முடிந்துவிடலாம். ஒப்புக்கொண்டவர் என்று ஒரு பெயர், பழையதைவிட நல்ல பெயர்.

ஷீபா கை தட்டவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதும், "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "எவர்சில்வர்னா குரோமியமும் ஏறியிருக்கணும். அந்தத் தாள்ல குரோமியம் பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அந்தக் காலத்தில் அதெல்லாம் அளக்கமாட்டோம் அம்மா. பதினொரு பேரும் நம்புவார்கள். முழங்கால் ஆடுவது நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"பாத்தேன்."

"எவ்வளவு சார்?"

"பதினாலு புள்ளி ஆறு."

அவள் ஓரத்தில் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. "நூத்திப் பதினெட்டுல ஐம்பத்தேழு போனா அறுபத்தொண்ணு. எவர்சில்வர்ல எழுபத்திரெண்டு பங்கு இரும்புக்குப் பதினெட்டுக் குரோமியம்னு வச்சா பதினஞ்சு சொச்சம் வரணும்." நிமிர்ந்தாள். முகம் முழுக்க வெளிச்சம். குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவும் அதில் இல்லை. விடை கிடைத்த பிள்ளையின் முகம். "சரியா வருது சார். அப்படியே வருது. எட்டு மாசமா என் கைதான் சரியில்லன்னு தூக்கமில்லாமக் கிடந்தேன்." சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தை எதைச் சொல்லிக் கேவலப்படுத்துவது என்று வைரவநாதன் தேடிப்பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. தனக்கு ஒரு கணக்கு இப்படி வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று மட்டும் பொறாமையாக இருந்தது.

"இந்தக் குரோமியத்தையும் சேத்து எழுதலாமா சார்? நீங்க சொன்ன தகவல்னு உங்க பேரப் போட்டு?"

பரஞ்சோதி பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, எப்போது போர்த்துவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எழுது" என்றார் வைரவநாதன். "அந்தத் தாள் வந்த தேதியையும் போடு. ரெண்டாயிரத்து ரெண்டு, ஆகஸ்டு பன்னிரண்டு."

அவள் குனிந்து எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் வருஷம் உறைத்தது போலிருந்தது. பென்சில் நின்றது. ஆய்வேட்டை முன்னால் திருப்பினாள், பத்தொன்பதாம் பக்கத்துக்கு, அங்கே கட்டுரை வெளியான வருஷம் 2003 என்று தன் கையாலேயே அச்சடித்து வைத்திருந்ததை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அவர் கண்ணை எடுக்காமல், முதுகை நிமிர்த்தி, கேள்வி வரட்டும் என்று காத்திருந்தார்.